வீடு, நகை, ஏலம்: மதிப்பீட்டாளர் பதில்கள்

வாசகர், ஸ்ரீராம்புரம்: மதிப்பீட்டாளர் சங்கம் ஒன்றில் ஆயுள் உறுப்பினராக இருக்கிறேன். கம்பெனி திவால் வழக்குக்கு மதிப்பீட்டு அறிக்கை எழுதலாமா?

கூடாது. சங்க உறுப்பினர் அட்டை வேறு, ஐ.பி.பி.ஐ. (இந்திய நொடிப்பு, திவால் வாரியம்) பதிவு வேறு. திவால் வழக்குக்கு இரண்டாவதுதான் செல்லும்.

சிவில் எஞ்சினியர், கே.ஆர்.புரம்: பி.இ. முடித்து ஆறு வருஷமாகக் கட்டட வேலையில் இருக்கிறேன். ஐ.பி.பி.ஐ. பதிவை எப்படி வாங்குவது?

தகுதி உங்களுக்கு வந்துவிட்டது. பட்டம் பெற்ற பின் ஐந்து வருட அனுபவம் போதும். முதுநிலைப் பட்டம் என்றால் மூன்று. 2017 விதிகளின்படி அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளர் அமைப்பு ஒன்றில் சேர்ந்து 50 மணி நேர வகுப்பை முடியுங்கள். பிறகு தேர்வு. 60 சதவீதம் எடுக்க வேண்டும், தப்பான விடைக்குக் கால் பங்கு மதிப்பெண் போகும். எஞ்சினியர்கள் சறுக்குவது சட்டப் பகுதியில்தான். அதை முதலில் படியுங்கள். நிலம்–கட்டடப் பிரிவில் பதிவு வாங்கிக்கொண்டு பீன்யாவில் லேத் மெஷினுக்கு விலை போடக் கிளம்பாதீர்கள். இயந்திரத்துக்குத் தனிப் பதிவு, பங்குகளுக்குத் தனிப் பதிவு.

வாசகி, ஜெயநகர்: அம்மா விட்டுச்சென்ற நகைகளை விற்கப் போகிறேன். செல்வ வரிச் சட்டத்தின் 34ஏபி பதிவு உள்ளவரிடம் மதிப்பீடு வாங்கச் சொல்கிறார் ஆடிட்டர். செல்வ வரியே போய்விட்டதே, அந்தப் பதிவு செல்லுமா?

கவலைப்படாதீர்கள், உங்கள் ஆடிட்டர் சொன்னது சரி. வரியை எடுத்தபோது அந்தப் பதிவை ரத்து செய்யவில்லை. அம்மா அந்த நகைகளை 2001-க்கு முன்பே வாங்கியிருந்தால், 1.4.2001 அன்றைய மதிப்பைக் கேட்டு வாங்குங்கள். மதிப்பிடுபவர் நகைப் பிரிவில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். மொத்த எடை, கல் எடை கழித்த எடை, மாற்று மூன்றும் தனித்தனியாக அறிக்கையில் வர வேண்டும். நகைக்கடைக்காரர் எழுதித் தரும் சீட்டு மதிப்பீட்டு அறிக்கை ஆகாது.

வாசகர், ஒசூர்: வங்கி ஏலத்தில் ஒரு வீடு பார்த்திருக்கிறேன். அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளர் மதிப்புப் போட்டுத்தானே குறைந்தபட்ச விலை வைக்கிறார்கள்? அப்படியென்றால் வில்லங்கம் இருக்காது அல்லவா?

இருக்கும். நாங்கள் சொல்வது விலை. பத்திரம் பார்ப்பது வக்கீலின் வேலை. வங்கி 'உள்ளது உள்ளபடி' என்றுதான் விற்கிறது. வில்லங்கச் சான்று, பட்டா அல்லது கத்தா (கர்நாடக உள்ளாட்சிச் சொத்துப் பதிவு), வரி ரசீது, உள்ளே குடியிருப்பது யார் என்பதையெல்லாம் ஏலத்துக்கு முன்னால் பாருங்கள். வங்கி ஏலத்துக்கான சர்ஃபேசி விதிப்படி ஏலம் உங்களுக்கு விழுந்தால் அன்றே, தப்பினால் அடுத்த வேலை நாளுக்குள் 25 சதவீதம் கட்டியாக வேண்டும். மீதிக்கு, விற்பனை உறுதியானதிலிருந்து 15 நாள். வங்கி எழுத்து மூலம் அவகாசம் தராமல் நீங்கள் தவறினால் கட்டிய பணம் பறிபோகும்.

வாசகர், சிவாஜிநகர்: பழைய மரச்சாமான், கடிகாரம், பித்தளைப் பொருள்களை ஏலம் விடும் தொழில் தொடங்குகிறேன். ஏலக்காரர் சர்டிபிகேட் எங்கே தருகிறார்கள்?

டாக்டருக்கு இருப்பதுபோல ஏலக்காரருக்கு அகில இந்தியப் பதிவேடு இல்லை. உங்களுக்கு 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64-ஆம் பிரிவு மனப்பாடமாக வேண்டும். சுத்தியல் விழும்வரை, கேட்டவர் பின்வாங்கலாம். சொந்த ஆளை நிறுத்தி விலையை ஏற்றினால், வாங்கியவர் விற்பனையையே ரத்து செய்யலாம். நூறு வருஷம் தாண்டிய சிலையோ ஓவியமோ வந்தால் 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் தொடாதீர்கள். நம் பெங்களூரு மருதர் ஆர்ட்ஸின் பழங்காசு ஏலப் பட்டியலை எடுத்துப் படியுங்கள். ஒரு பொருளை எப்படி விவரித்து விற்பது என்பதற்கு அதுவே பாடம்.

வாசகர், பனசங்கரி: 30-க்கு 40 சைட்டில் வீடு. வங்கி மதிப்பீட்டாளர் குறைத்துப் போட்டுவிட்டார். இன்னொருவர், "எவ்வளவு வேண்டும் சொல்லுங்கள், போட்டுத் தருகிறேன்" என்கிறார். அவரிடமும் பதிவு எண் இருக்கிறது. போகலாமா?

போகாதீர்கள். எவ்வளவு வேண்டும் என்று கேட்கிறவர் மதிப்பீட்டாளரே அல்ல. வாடிக்கையாளர் வசதிக்கு மதிப்புப் போடக் கூடாது என்று நடத்தை விதியிலேயே இருக்கிறது. கம்பெனிச் சட்டம் 247-ஆம் பிரிவின் கீழ் செய்த மதிப்பீட்டில் ஏமாற்றும் நோக்கம் நிரூபணமானால் ஒரு வருடம் வரை சிறை. வாங்கிய கூலியைத் திருப்பித் தந்து நஷ்ட ஈடும் கட்ட வேண்டும். வங்கிக் கடனுக்கான அறிக்கை அந்தப் பிரிவில் வராது என்பார்கள். வராவிட்டாலும் பொய் பொய்தான்.

முதலாமவர் ஏன் குறைத்தார் என்று கேட்டீர்களா? நாங்கள் வாசலில் நின்று போட்டோ எடுத்துவிட்டுப் போகிறவர்கள் அல்ல, போகக் கூடாது. நான் முதலில் பார்ப்பது படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் மின்சார மீட்டர்களை. அனுமதி வரைபடத்தில் இரண்டு குடித்தனம், சுவரில் ஐந்து மீட்டர் என்றால் மீதி மூன்றும் அனுமதியில்லாமல் கட்டியவை. பிறகு டேப்பைப் பிடித்துப் பக்கவாட்டு இடைவெளியை அளப்பேன். அனுமதியில் ஒரு மீட்டர், நேரில் ஓர் ஆள் நுழைய முடியாத சந்து! அப்புறம் கத்தா ஏ-யா, முறைப்படாத சொத்துக்குத் தரும் பி-யா என்று பார்ப்பேன். அனுமதியில்லாத மாடிக்கு விலை போட்டுத் தந்தால் இன்று உங்களுக்குச் சந்தோஷம். நாளை மாநகராட்சி நோட்டீஸ் வந்தால் கடன் உங்கள் தலையில், மாடி இருக்காது. குறைத்துப் போட்டவர் உங்களைக் காப்பாற்றியிருக்கிறார்.

மதிப்பீட்டாளர்களுக்கென்று தேசிய அளவில் கழகம் வேண்டும் என்று 2020-இலேயே நிபுணர் குழு மசோதா வரைவு கொடுத்தது. அது சட்டமாகட்டும் என்று நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனால் கேட்ட தொகையை எழுத மறுப்பதற்கு எந்தச் சட்டமும் வரக் காத்திருக்க வேண்டாம். இளம் மதிப்பீட்டாளர்களே, அந்த வேலையைத் திருப்பி அனுப்புங்கள்.

வாசகி, அல்சூர்: அறிக்கை கைக்கு வந்ததும் எதைப் பார்க்க வேண்டும்?

பதிவு எண், பதிவுப் பிரிவு, எந்தக் காரியத்துக்கான மதிப்பீடு, எந்தத் தேதியின் மதிப்பு, நேரில் வந்து பார்த்தது யார். ஐ.பி.பி.ஐ. எண் என்றால் வாரியத்தின் இணையதளப் பட்டியலில் சரிபாருங்கள். இந்த ஐந்தில் ஒன்று குறைந்தாலும் பணம் கொடுக்காமல் அறிக்கையைத் திருப்பிக் கொடுங்கள்.