தூக்க மாத்திரை அளவு மீறினால்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கோட்டுச்சேரிமேட்டிலிருந்து காரைக்கால் அரசு பொது மருத்துவமனைக்குச் சில கிலோமீட்டர்தான். தூக்க மாத்திரையோ பதற்றத்துக்கான மாத்திரையோ அளவு மீறி உள்ளே போய்விட்டால், நேரம் கரைவது பெரும்பாலும் வீட்டுக்குள்ளேதான். நல்லெண்ணத்தோடு நாம் செய்யும் சில கைவைத்தியங்களே அதற்குக் காரணம். டயஸிபாம், அல்பிரசோலம், குளோனசிபாம் போன்ற மருந்துகள் மூளையின் வேகத்தைத் தணிப்பவை. மதுவோடோ அபின் வகை வலி மருந்துகளோடோ சேர்ந்தால் மூச்சையே மந்தமாக்கிவிடும். உயிருக்கு ஆபத்து அங்கேதான்.

நம்பிக்கை: குறட்டை விட்டுத் தூங்குகிறார், விடிந்தால் தெளிந்துவிடும்.

உண்மை: தளர்ந்த நாக்கு காற்றுப் பாதையைப் பாதி அடைப்பதாலும் அந்தக் குறட்டை வரும். பெயர் சொல்லி உரக்கக் கூப்பிடுங்கள், தோளைத் தட்டுங்கள். கண் திறந்து தெளிவாகப் பேசவில்லையென்றால் உடனே 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு இயல்பு. அதற்குக் குறைந்தாலோ உதடு நீலம் பாரித்தாலோ போனில் அதையும் சொல்லுங்கள். மூச்சே இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தத் தொடங்குங்கள்.

நம்பிக்கை: உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தால் விஷம் வெளியேறிவிடும்.

உண்மை: அரை மயக்கத்தில் இருப்பவருக்கு வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும். அதிக உப்பு ரத்தத்தில் ஏறினால் அதுவே உயிரைப் பறிக்கலாம். வாய்வழி எதையும் கொடுக்காதீர்கள். மூச்சு சீராக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேல் காலை மடக்கி, தலையைச் சற்றுப் பின்னே சாய்த்து விடுங்கள். வாயில் வருவது தானே வெளியே வடியும்.

நம்பிக்கை: முகத்தில் தண்ணீர் அடித்து, கடுங்காப்பி கொடுத்து, எழுப்பி நடக்க வைக்க வேண்டும்.

உண்மை: ஒரு காலத்தில் மருத்துவர்களும் இப்படித்தான் நினைத்தார்கள். பார்பிட்யூரேட் தூக்க மருந்தை அளவு மீறி உட்கொண்டவர்களைக் கிளர்ச்சியூட்டும் ஊசிகளால் எழுப்பப் பார்த்தார்கள். கோபன்ஹேகனில் 1949-இல் கார்ல் கிளெம்மெசன் தொடங்கிய நச்சு சிகிச்சைப் பிரிவு அந்த ஊசிகளைக் கைவிட்டது. காற்றுப் பாதையைத் திறந்து வைத்து, ஆக்சிஜன் கொடுத்து, ரத்த அழுத்தத்தைக் காத்து, இடைவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இறந்துகொண்டிருந்த நிலை மாறி, இறப்பு நூற்றுக்கு ஓரிருவராகக் குறைந்தது. இன்றைய சிகிச்சையின் அடித்தளமும் இதுதான்.

நம்பிக்கை: ஆஸ்பத்திரிக்குப் போனதும் வயிற்றைக் கழுவி, முறிவு ஊசி போட்டுவிடுவார்கள்.

உண்மை: வயிற்றைக் கழுவுவது இப்போது எல்லோருக்கும் செய்யப்படுவதில்லை. செயலூட்டிய கரி பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரத்துக்குள், அதுவும் விழிப்போடு இருப்பவருக்கே பயன்படும். டயஸிபாம் வகைக்கு ஃபுளுமசெனில் என்ற முறிவு மருந்து உண்டு. ஆனால் அந்த மாத்திரைக்கு நெடுநாள் பழகியவருக்கு அது வலிப்பைத் தூண்டலாம். அதன் வேகம் சீக்கிரம் தணிவதால் மயக்கம் திரும்பவும் கூடும். கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கி, மூச்சும் மந்தமானால் அபின் வகையைச் சந்தேகித்து நாலாக்சோன் கொடுப்பார்கள். சர்க்கரை குறைந்தாலும் இதே மயக்கம் வரும் என்பதால் அதையும் உடனே சோதிப்பார்கள். எனவே மாத்திரை அட்டைகளைக் கையோடு கொண்டு போங்கள். எப்போது, எவ்வளவு, மது சேர்ந்ததா என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள்.

நம்பிக்கை: போலீஸ் கேஸ் ஆகிவிடும், தெரியாமல் மறைத்துவிடுவதே நல்லது.

உண்மை: மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 115-ஆம் பிரிவின்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. மருத்துவமனை காவல் நிலையத்துக்குத் தகவல் தரலாம். அந்த அச்சத்தில் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

பிழைத்து வந்தவரைத் திட்டாதீர்கள், தனியே விடாதீர்கள். டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். வீட்டில் இந்த மாத்திரை வாங்குபவர் இருந்தால், அட்டையை ஒருவர் பொறுப்பில் பூட்டி வைத்து, மருத்துவர் எழுதிய அளவை மட்டும் எடுத்துக் கொடுங்கள்.