பேட்டரி விளக்கு சொல்வதென்ன?

1985-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் அறிமுகமான புரோட்டோன் சாகா, நம் குடும்பங்கள் பலவற்றில் அப்பா வாங்கிய முதல் காராகும். அதன் பழைய வடிவத்தின் தயாரிப்பு 2008-இல் நின்றுவிட்டது. ஆயினும், பிள்ளைகள் கைக்கு வந்த சாகாக்கள் இன்றும் ஓடுகின்றன. சாலாக் செலாத்தானிலிருந்து நான் விரிவுரைக்கு ஓட்டி வந்த காரும் அத்தகையதே. ஒரே ஆண்டில் அதற்கு இரண்டு பேட்டரிகள் மாற்றினோம். இரண்டும் அப்பாவின் மிகைநேர வேலைப் பணம். அதன் பின்னரும் ஒரு மழையிரவில் விளக்குகள் மங்கி, நெடுஞ்சாலை ஓரத்தில் கார் நின்றது. பழுது பேட்டரியில் இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

எஞ்சின் ஓடும்போது காருக்கு மின்சாரம் தருவது ஆல்டர்னேட்டர். பேட்டரியின் முதன்மை வேலை எஞ்சினை முடுக்கிவிடுவதே. முகப்பு விளக்கு, மழைத் துடைப்பான், காற்றாடி எல்லாம் சேர்ந்து 20 ஆம்பியர் இழுத்தால், 40 ஆம்பியர்-மணி பேட்டரி தனியாக இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. ஆகவே, பேட்டரி மாற்றுமுன் மல்டிமீட்டரால் கீழ்க்காணும் சோதனைகளைச் செய்ய வேண்டும்.

முதலாவது: இரவு முழுவதும் நின்ற காரில் பேட்டரியை அளக்கவும். 12.6 வோல்ட் இருந்தால் நிறைவு, 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி.

இரண்டாவது: எஞ்சினை முடுக்காமல் சாவியை மட்டும் திருப்பவும். பேட்டரி விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் பல்பையும் அதன் கம்பியையும் பார்க்கவும். இவ்வகைப் பழைய கார்களில் ஆல்டர்னேட்டரின் சுழலியை முதலில் காந்தமாக்கும் மின்னோட்டம் அந்தப் பல்பு வழியாகவே செல்கிறது.

மூன்றாவது: எஞ்சினை நிறுத்திவிட்டு, பெல்ட் தளர்ந்துள்ளதா, வெடித்துள்ளதா எனப் பார்க்கவும்.

நான்காவது: எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது. பேட்டரி கொதித்துக் கெடும். குறைவாக இருந்தால், ஆல்டர்னேட்டரின் பின்புறத் தடித்த கம்பி முனைக்கும் அதன் உடலுக்கும் இடையே அளக்கவும். அங்கும் குறைவு, பெல்ட்டும் பல்பும் சரி என்றால், கார்பன் பிரஷ், ரெகுலேட்டர் அல்லது டையோடு தேய்ந்தோ கெட்டோ இருக்கலாம். அங்கே சரியாக இருந்து பேட்டரியில் மட்டும் குறைந்தால், குற்றம் இடையிலுள்ள இணைப்பில்.

ஐந்தாவது: விளக்குகளைப் போட்டு, அந்த முனைக்கும் பேட்டரியின் நேர் முனைக்கும் இடையே நேரடியாக அளக்கவும். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கம்பியிலோ முனையிலோ தடை உள்ளது. ஆல்டர்னேட்டர் உடலுக்கும் எதிர் முனைக்கும் இடையே 0.2-ஐத் தாண்டக் கூடாது.

எங்கள் காரில் ஆல்டர்னேட்டரில் 14.1, பேட்டரியில் 12.4. நடுவே 1.7 வோல்ட் தொலைந்துகொண்டிருந்தது. கம்பி முனை பச்சை பூத்துத் தளர்ந்திருந்தது. பேட்டரி விளக்கு பல வாரங்களாக மங்கலாக எரிந்ததன் காரணமும் அதுவே. விளக்கின் இரு பக்கமும் ஒரே மின்னழுத்தம் இருந்தால்தான் அது அணையும். ஆகவே அது எரிவது, ‘பேட்டரி கெட்டுவிட்டது’ என்பதன்று. ‘இரு பக்கமும் ஒத்துப்போகவில்லை’ என்பதே. பேட்டரியின் எதிர் முனையைக் கழற்றிவிட்டு, புதிய முனை பொருத்தி, மணல்தாளால் தேய்த்து இறுக்கினோம். சில ரிங்கிட்டில் வேலை முடிந்தது.

ஓர் எச்சரிக்கை. எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிக்கும் பழக்கம் இன்னும் உள்ளது. அப்போது எழும் மின்னழுத்த உயர்வு டையோடுகளையும் வானொலியையும் கெடுத்துவிடும். யார் செய்ய வந்தாலும் தடுத்துவிடுங்கள்.

பட்டறைக்குச் செல்வதில் தவறில்லை. ஆனால், அளந்த எண்களைத் தாளில் எழுதிக்கொண்டு செல்லுங்கள். பெற்றோரின் பணத்தில் மூன்றாவது பேட்டரி வாங்குவதை அந்தத் தாள் தடுக்கும்.