இருளில் கண்ணும் விமானமும்

கோலார் தங்க வயலின் சுரங்கங்களுக்கு 1902-ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை சென்ற அச்சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. வெயிலிலிருந்து இருட்டுக்குள் இறங்கிய தொழிலாளியின் கண் உடனே தெளிவாகக் காணாது. இரவில் சிறு விமானம் ஓட்டுபவனின் கண்ணுக்கும் இவ்விதியே பொருந்தும்.

விழித்திரையில் கூம்பு, கோல் என இருவகை அணுக்கள் உள்ளன. பகலில் கூம்புகளும், மங்கிய ஒளியில் கோல்களும் தொழிற்படுகின்றன. கோல்கள் இருளுக்கு முற்றிலும் பழக ஏறக்குறைய முப்பது நிமிடம் ஆகும். ஒரு கணம் கூசும் ஒளி பட்டால் அப்பழக்கம் கெட்டுவிடும். ஆதலின் புறப்படுமுன் விமானி பிரகாசமான விளக்குகளைத் தவிர்த்தல் வேண்டும். விழித்திரையின் நடுக்குழியில் கோல்கள் இல்லை. எனவே மங்கலான பொருளை நேராக நோக்காமல் சற்றே ஒதுக்கி நோக்க வேண்டும். ஆசிரியர்கள் கார்த்திகை மீன்கூட்டத்தைக் காட்டி இதனை மாணவர்க்கு எளிதில் விளக்கலாம். பக்கவாட்டில் நோக்கும்போது மங்கிய மீன்கள் நன்கு புலப்படும். வைட்டமின் ஏ குறைவும், புகைபிடித்தலும், 5,000 அடிக்கு மேல் பிராணவாயுக் குறைவும் இரவுப் பார்வையைத் தாழ்த்தும்.

கண் பழகிய பின்னும் அபாயம் நீங்கிவிடுவதில்லை. ராபர்ட்சன்பேட்டையின் விளக்குகளை நோக்கி இரவில் ஒருவன் பறந்து வருவதாகக் கொள்வோம். விளக்குகள் தெரியும், அருகிலுள்ள சயனைடு மேடுகள் தெரியா. இடையே இருண்ட நிலமும் அப்பால் ஒளியும் இருப்பின், தான் மிக உயரத்தில் இருப்பதாக அவன் மயங்கி, அளவுக்கு மீறித் தாழ்வான். இம்மயக்கத்தை நீக்கவே ஓடுதளங்களின் ஓரத்தில் நான்கு விளக்குகள் வரிசையாக வைக்கப்படுகின்றன. இரண்டு வெண்மையாகவும் இரண்டு சிவப்பாகவும் தோன்றினால் இறங்கும் பாதை சரியானது. நான்கும் சிவப்பாயின் விமானம் மிகத் தாழ்ந்துள்ளது.

அடிவானம் மறைந்தவிடத்து உட்செவியும் ஏமாற்றும். மெல்லச் சாய்ந்து திரும்பும் விமானம் நேராகச் செல்வதாகவே தோன்றும். அப்போது உடலுணர்ச்சியை நம்பாது கருவிகளை நம்ப வேண்டும். ஆயினும் ஒரே கருவியை மட்டும் நம்புதல் தகாது. 1978 ஜனவரி 1 இரவில் பம்பாயிலிருந்து புறப்பட்ட ஏர் இந்தியா போயிங் 747 விமானத்தில், சாய்வைக் காட்டும் கருவி ஒன்று பிழையாகக் காட்டியது. கீழே இருண்ட கடல். விமானம் அதில் வீழ்ந்து 213 பேரும் மாண்டனர். தேர்ந்த விமானிகள் ஓட்டிய பெரிய விமானத்துக்கே இவ்வாறு நேர்ந்ததெனில், தனியாய்ச் சிறு விமானம் ஓட்டுபவன் எத்துணை விழிப்புடன் இருத்தல் வேண்டும் என்பது தெளிவு.

இக்காரணங்களாலேயே, கண்பார்வையை மட்டும் துணைக்கொண்டு பறத்தல் சூரியன் மறைந்தபின் இந்தியாவில் பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிலையம் இசைந்தாலன்றி விதிவிலக்கில்லை. கண்ணின் எல்லையை அறிந்து அதற்கேற்ப நடப்பதே இரவுப் பறத்தலின் முதற் பாடமாகும்.