பொதிகை மலைக்குப் போகும் வழி

மழை பிடித்துக்கொண்டால் மும்பை கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் தேங்கிவிடும். பஸ்கள் ஊர்ந்து போகும். தாராவிக்கு நடந்து போகும் பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொள்வார்கள். தாராவித் தமிழர்களில் பலருக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம்.

அதே தென்மேற்குப் பருவமழை அவர்கள் ஊர் மலையிலும் பெய்கிறது. அங்கே அதைக் காடு வாங்கி வைத்துக்கொள்கிறது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. அந்தத் தண்ணீர்தான் தாமிரபரணி.

அந்த மலையின் பெயர் பொதிகை. அகத்தியர் மலை என்றும் சொல்வார்கள். உயரம் 1,868 மீட்டர். தமிழ்நாடும் கேரளமும் சேரும் இடத்தில் இருக்கிறது. 2001-இல் இந்த மலைக்காடுகளை அரசு உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. 2016-இல் யுனெஸ்கோவும் தன் பட்டியலில் சேர்த்தது. இங்கே 2,254 வகைச் செடி, கொடி, மரங்கள் உள்ளன. அவற்றில் சுமார் 400 வகை இந்தப் பகுதிக்கே உரியவை.

மலை ஏறுவது எப்படி? கேரளத்தில் போனக்காடு என்ற இடத்தில் நடை தொடங்குகிறது. வனத்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். வழிகாட்டியும் கூட வருவார். முதல் நாள் இரவு அதிருமலை முகாமில் தங்கவேண்டும். மறுநாள்தான் செங்குத்தான ஏற்றம். மேலே போகப் போக மரங்கள் குட்டையாகிவிடும். காற்று ஆளைத் தள்ளும். கடைசியில் வெறும் பாறை. கயிற்றைப் பிடித்துத்தான் ஏறவேண்டும். உச்சியில் அகத்தியர் சிலை இருக்கிறது.

இந்தக் காட்டை நன்றாக அறிந்தவர்கள் காணிப் பழங்குடி மக்கள். 1987-இல் விஞ்ஞானிகள் சிலர் காணிக்காரர்களோடு காட்டில் நடந்தார்கள். விஞ்ஞானிகளுக்கு மூச்சு வாங்கியது. காணிக்காரர்கள் மட்டும் களைக்கவே இல்லை! அவர்கள் வழியில் ஏதோ சிறு பழத்தைத் தின்றுகொண்டே வந்தார்கள். அது என்ன என்று விஞ்ஞானிகள் கேட்டார்கள். காணிக்காரர்கள் முதலில் சொல்லத் தயங்கினார்கள். பிறகு செடியைக் காட்டினார்கள். ஆரோக்கியப்பச்சை என்பது அந்தச் செடிக்கு இன்று வழங்கும் பெயர்.

திருவனந்தபுரம் அருகே பாலோடு தாவரவியல் ஆராய்ச்சி நிலையம் அதிலிருந்து மருந்து தயாரித்தது. மருந்துக்கு 'ஜீவனி' என்று பெயர். 1995-இல் ஒரு கம்பெனிக்கு அதைச் செய்யும் உரிமை கொடுத்தார்கள். கம்பெனி கட்டிய பணத்தில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவானது. பணத்தை வாங்க 1997-இல் அவர்கள் பெயரில் ஓர் அறக்கட்டளை பதிவானது. வழக்கமாக இப்படி நடப்பதில்லை. சொல்லிக் கொடுத்தவரைப் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள்.

பெண்கள் ஏறலாமா? பல காலம் அவர்களை உச்சிக்கு விடவில்லை. சில பெண்கள் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். தடை கூடாது என்று 2018-இல் தீர்ப்பு வந்தது. காணி மக்களில் ஒரு பகுதியினர் இதை ஏற்கவில்லை. அது தங்கள் சாமி இருக்கும் மலை என்றார்கள். போனக்காட்டில் பஜனை பாடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஆனால் யாரையும் வழிமறிக்கவில்லை. 2019 ஜனவரியில் பெண்களும் அந்தக் கயிற்றைப் பிடித்து உச்சி ஏறினார்கள்.

கலந்து பேசுங்கள்:
உங்கள் பாட்டி சொன்ன பச்சிலை வைத்தியம் எது? அந்தச் செடியின் பெயரை எழுதுங்கள்.