ஆறு பொத்தான் போன் வாங்கிய மருமகனுக்கு



மாமா எழுதுவது. ஒஹாயோவில் படிக்கப் போன பையன் பழைய சாமான் சந்தையில் சுற்றுகிறான் என்று உன் அம்மா புலம்பினாள். அவள் கிடக்கிறாள். நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கறுப்பு உடம்பு, சுழல் டயல், அடியில் ஆறு பொத்தான், இடது கோடியில் சிவப்பு. வெஸ்டர்ன் எலக்ட்ரிக் செய்த 565 வகை. நல்ல வேட்டைதான். ஆனால் பின்னால் விரல் தடிமனுக்குச் சுருண்டு கிடக்கிற கேபிளை வெட்டிவிட்டுச் சாதாரண பிளக் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறாயே, அதைப் படித்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு மேலே படி.

நீ வாங்கியிருப்பது பாதிதான். மறுபாதி, சுவரில் மாட்டும் ஓர் இரும்புப் பெட்டி. இரண்டும் சேர்ந்த ஏற்பாட்டுக்கு 1ஏ2 என்று பெயர். 1960களில் தொடங்கி அமெரிக்கா முழுக்க வக்கீல் ஆபீஸ், டாக்டர் கிளினிக், பத்திரிகை அலுவலகம் என்று பெல் சிஸ்டம் என்கிற போன் கம்பெனி மாட்டியது இதைத்தான். அந்தக் காலத்துப் படங்களில் செக்ரட்டரி மேசையில் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்குமே, அதுதான். அப்போது போன் யாருக்கும் சொந்தமில்லை, மாத வாடகைதான். உன்னுடையதைக் கவிழ்த்துப் பார். 'பெல் சிஸ்டத்தின் சொத்து, விற்பனைக்கல்ல' என்கிற முத்திரை ஆங்கிலத்தில் இருக்கக்கூடும். பயப்படாதே. அந்தப் பெரிய கம்பெனியையே 1984 ஜனவரி 1 அன்று துண்டு துண்டாகப் பிரித்துவிட்டார்கள். பிறகு எலக்ட்ரானிக் சாதனங்கள் வந்து, இந்தப் பெட்டிகள் நிலவறைகளுக்கும் குப்பைக்கும் போயின. நம்மைப் போன்ற கிறுக்கர்கள் அங்கிருந்துதான் பொறுக்குகிறோம்.

இப்போது அந்தத் தடித்த கேபிளுக்கு வருவோம். சாதாரண போனுக்கு ஒரு ஜோடி ஒயர் போதும். இதில் ஒரு லைனுக்கே மூன்று ஜோடி. முதல் ஜோடியில் பேச்சு. மூன்றாவது, பொத்தானுக்குள் இருக்கும் குட்டி பல்புக்கு, 10 வோல்ட் ஏ.சி. நடுவில் இருக்கிற ஜோடியில்தான் சூட்சுமம். அதன் இரண்டு ஒயர்களை ஏ, ஏ1 என்பார்கள். ஐந்து லைனுக்குப் பதினைந்து ஜோடி ஆயிற்றா? மணி, பஸ்ஸர் என்று மற்றவற்றுக்கும் இடம் விட்டு மொத்தம் 25 ஜோடி, 50 ஒயர்.

ஒரு லைன் பொத்தானை அழுத்தி ரிசீவரை எடுத்தால் போனுக்குள் ஏ போய் ஏ1-ஐத் தொடுகிறது. ஏ1 என்பது பெட்டியின் கிரவுண்டு. உடனே பெட்டியில் அந்த லைனுக்குரிய கார்டில் ஒரு ரிலே 'டக்' என்று இழுக்கிறது. அந்த லைன் போகிற எல்லா மேசையிலும் பொத்தான் நின்று எரிகிறது. ரிசீவரை வைத்தால் ஏ-யும் விடுபடும், பேச்சு ஜோடியில் ஓடும் கரண்டும் நிற்கும். கார்டு லைனை விட்டுவிடும்.

சிவப்புப் பொத்தான் என்ன செய்கிறது தெரியுமா? அதுதான் ஹோல்டு. அழுத்தினால் ஏ மட்டும் அறுபடுகிறது, பேச்சு ஜோடியில் கரண்டு இன்னும் ஓடுகிறது. இந்த வித்தியாசத்தை வைத்தே கார்டு கண்டுபிடித்துவிடுகிறது, ஆள் போனை வைக்கவில்லை, காத்திருக்கச் சொல்கிறார் என்று. லைனுக்குக் குறுக்கே ஒரு ரெசிஸ்டரைப் போட்டுப் பிடித்துக்கொள்கிறது. பிறகு லைன் பொத்தான் மேலே எழும்பிவிட்டாலும், யாரோ இன்னும் ரிசீவரைக் கையில் வைத்திருப்பதாகவே எக்ஸ்சேஞ்ச் நம்பும். இதற்குக் கம்ப்யூட்டரும் கிடையாது, புரோகிராமும் கிடையாது. முப்பது வருஷம் சாஃப்ட்வேர் எழுதிய எனக்கு, நான் எழுதிய எதுவும் இவ்வளவு சுருக்கமாக இருந்ததாக நினைவில்லை.

விளக்குக்கும் ஒரு மொழி உண்டு. அழைப்பு வரும்போது நிமிஷத்துக்கு 60 தடவை மினுக்கும். ஹோல்டில் 120 தடவை வேகமாகக் கண் சிமிட்டும். என் பெட்டியில் இந்தத் தாளத்தைப் போடுவது ஒரு சின்ன மோட்டார். கீழே அது ஓடும்போது, "தறி ஓட ஆரம்பிச்சாச்சா?" என்பாள் உன் அத்தை.

கேபிளை வெட்டி, பேச்சு ஜோடியை மட்டும் லைனில் கொடுத்தால் டயல் டோன் வரும், பேசலாம். விளக்கு எரியாது, மணிக்குத் தனியாக ஒயர் இழுக்க வேண்டும், ஹோல்டு அழுத்தினால் அழைப்பு அறுந்து போகும். அதற்கு எந்தப் போனும் போதுமே.

ஆகவே ஒரு பெட்டி தேடு. 551 வரிசை வீட்டுக்கு அளவானது. 400 வரிசை லைன் கார்டு ஒன்றே ஒன்று போதும், முதலில் ஒரு லைன் பேசட்டும். ஒயர்களை இறக்க 66 பிளாக் ஒன்று, அதற்கான பஞ்ச் டூல். நிறங்களை வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்: வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா ஒரு வரிசை, நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல் மறு வரிசை. ஐந்தை ஐந்தால் பெருக்கினால் 25 ஜோடி. முதல் லைனுக்கு வெள்ளை-நீலம் பேச்சு, வெள்ளை-ஆரஞ்சு ஏ, வெள்ளை-பச்சை விளக்கு.

பவர் சப்ளைக்கு வயது உன்னைவிட இரண்டு மடங்கு. கார்டு எதையும் செருகாமல் முதலில் அதை மட்டும் ஓடவிட்டு மல்டிமீட்டரால் அள. ரிலேக்களுக்கு 24 வோல்ட் டி.சி., விளக்குக்கு 10 வோல்ட் ஏ.சி. இருக்க வேண்டும். ரிலே முனைகள் கறுத்திருந்தால் உப்புத்தாள் போட்டுவிடாதே, மேல்பூச்சு போய்விடும். கெட்டியான காகிதத் துண்டை நடுவில் வைத்து இழுத்தாலே அழுக்கு வந்துவிடும்.

இன்னொன்று. லைனைக் கழற்றாமல் பிளாக்கில் கை வைக்காதே. மணியடிக்கும் மின்சாரம் 90 வோல்ட் வாக்கில் இருக்கும். நான் வெறுங்கையால் ஒயரைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, நேரம் பார்த்து மதுரையிலிருந்து உன் அம்மா கூப்பிட்டாள். அவளிடம் அன்று பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

டயல் டோனுக்குத் தாமிர லைன் கிடைக்காவிட்டால் கவலைப்படாதே. இன்டர்நெட்டிலிருந்து போன் லைன் தரும் அடாப்டர் போதும். வாங்கும்போது சுழல் டயலின் துடிப்பு அதற்குப் புரியுமா என்று மட்டும் பார்த்துக்கொள், பல அடாப்டர்களுக்குப் புரியாது. பழைய எக்ஸ்சேஞ்சுகளை வீட்டில் வைத்திருக்கும் சேகரிப்பாளர்கள் சிநெட் என்று தங்களுக்குள்ளேயே ஒரு வலை வைத்திருக்கிறார்கள். கை பழகியதும் அதில் சேரலாம். பெல் சிஸ்டத்தின் அசல் கையேடுகளையும் அவர்கள் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். 518 என்று தொடங்குபவை நமக்கானவை. எப்போதாவது சியாட்டில் பக்கம் போனால் கனெக்‌ஷன்ஸ் மியூசியத்தைப் பார்க்காமல் திரும்பாதே. அங்கே எக்ஸ்சேஞ்சுகளே ஓடுகின்றன.

என்னிடம் லைன் கார்டு இரண்டு உபரியாக இருக்கிறது. பெட்டி கிடைத்ததும் சொல், அனுப்புகிறேன். அதுவரை அந்தக் கேபிளைச் சுருட்டி, நுனியில் இருக்கிற 50 முனை பிளக்கில் தூசி படாமல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டி வை.

அன்புடன்,
மாமா