புது ரப்பர் பூட்ஸ் காலைக் கடிக்காமல் இருக்க...

வயல் வேலைக்கென்று ஆசையாக வாங்கிய ரப்பர் பூட்ஸ் பல இடங்களில் மோட்டார் கொட்டகை ஆணியில்தான் தொங்குகிறது. கேட்டால், "முதல் நாளே குதிகாலைக் கடித்துவிட்டது" என்பார்கள். பூட்ஸ் கடித்தால் கொப்புளத்தோடு போகும். அதைக் கழற்றிப் போட்டுவிட்டு இருட்டில் வெறுங்காலுடன் மடை திறக்கப் போகிறவருக்கு விரியன் கடித்தால் அப்படிப் போவதில்லை. நம் நாட்டில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாகக் கணக்கிடப்பட்டுள்ளது. வயலில் படும் கடிகளில் பெரும்பாலானவை பாதத்திலும் கணுக்காலைச் சுற்றியுமே விழுகின்றன. எலிக்காய்ச்சல், கொக்கிப்புழு ஆகியவையும் வெறுங்கால் வழியே உடலில் நுழையக்கூடியவை.

தோல் செருப்பு கடித்தால் விளக்கெண்ணெய் தடவி, நாலு நாள் நடந்து பழக்குவது நம் வழக்கம். தோல் இளகிக் காலுக்கு ஏற்ப வளைந்துகொடுக்கும். ரப்பர் அப்படி விரிந்து கொடுக்காது. எண்ணெய் பட்டால் கெட்டும்போகும். எனவே ரப்பர் பூட்ஸைப் பொறுத்தவரை, கடையில் அளவு பார்ப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

காலையில் வாங்க வேண்டாம். நடந்து, நின்று, கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், கனமான சாக்ஸ் அணிந்து அளவு பார்க்க வேண்டும். பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருப்பது நல்லது. செருப்பில்லாமலே பழகிய கால் முன்பக்கம் விரிந்திருக்கும். ஆகையால் நீளம் சரியாக இருந்தாலும் சுண்டுவிரல் நெருக்கப்பட்டால் அந்த ஜோடி ஆகாது. இரண்டு கால்களும் ஒரே அளவாக இருக்கும் என்று எண்ணி ஒன்றை மட்டும் போட்டுப் பார்ப்பதும் தவறு. வீட்டில் ஒரே ஜோடியை ஆணும் பெண்ணும் மாற்றி அணிவது இன்னும் மோசம். பெரிய பூட்ஸுக்குள் சிறிய கால் அடிக்கு அடி வழுக்கும். அந்த வழுக்கல்தான் கொப்புளம்.

மேல்தோலின் அடுக்குகள் இழுபட்டுப் பிரிந்து, இடையில் நீர் கோத்துக்கொள்வதையே கொப்புளம் என்கிறோம். வியர்வையில் ஊறிய தோலில் உராய்வு கூடுகிறது. முழுப் பருத்திச் சாக்ஸ் வியர்வையைக் குடித்து ஈரமாகவே நிற்கும். நைலான் கலந்தது மேல். மதியம் கழற்றி, காலைத் துடைத்து, வேறு சாக்ஸ் மாற்றிக்கொள்ள வேண்டும். காலில் எண்ணெயோ வாசலினோ தடவினால் முதலில் வழுவழுப்பாக இருக்கும். சில மணி நேரத்தில் உராய்வு முன்னைவிட அதிகமாகும்.

முதல் இரண்டு நாட்கள் வீட்டைச் சுற்றி, உலர்ந்த தரையில் அரை மணி நேரம் நடந்தால் போதும். பிறகு வரப்பில் ஒரு மணி நேரம். இப்படி நேரத்தைக் கூட்டி, பத்து நாட்களில் அரை நாள் வேலைக்கு வரலாம். நடவு வயல் சேற்றில் பழக்கவே கூடாது. சேறு பூட்ஸை உள்ளே இழுக்க, குதிகால் மேலே வர, ஒரே நாளில் தோல் உரிந்துவிடும். உள்ளதைச் சொன்னால், ஆழமான சேற்று நடவுக்கு இந்த பூட்ஸ் ஏற்றதல்ல. வரப்பு நடை, இரவுப் பாசனம், அறுவடை, கரும்புத் தோட்ட வேலை ஆகியவற்றுக்கே ஏற்றது.

நடக்கும்போது ஓரிடம் சூடாகி எரியத் தொடங்கினால், "இந்தப் பாத்தி முடியட்டும்" என்று இழுக்காமல் உடனே கழற்ற வேண்டும். மருந்துக் கடைகளில் கிடைக்கும் காகிதப் பிளாஸ்திரியை உலர்ந்த தோலின்மேல் சுருக்கமின்றி ஒட்டலாம்.

கொப்புளம் வந்துவிட்டால் தோலை உரிக்கக் கூடாது. அந்தத் தோலே சிறந்த கட்டு. சோப்பு நீரில் கழுவி, சுத்தமான துணியால் மூடினால் போதும். சாம்பல், சுண்ணாம்பு, சாணம் எதுவும் வேண்டாம். தானாக உடைந்திருந்தால் ஆறும்வரை வயல் நீரில் இறங்கக் கூடாது. சிவந்து, சீழ் வைத்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கால் மரத்துப் போயிருக்கலாம், எரிச்சலே தெரியாது. அவர்கள் ஒவ்வொரு முறை கழற்றும்போதும் பாதத்தைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். அடிப்பாதம் தெரியாவிட்டால் கண்ணாடி வைத்தோ வீட்டாரிடம் காட்டியோ பார்க்கலாம். சிறு கொப்புளமானாலும் தாமே ஊசியால் குத்தாமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கவனிக்காத புண்ணால் விரலையோ காலையோ இழக்க நேரிடும்.

வேலை முடிந்ததும் பூட்ஸைக் கழுவி, பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்தால் ஈரத்தை இழுத்துவிடும். பின்பு நிழலில் தலைகீழாகக் குச்சியில் மாட்டி வைக்கலாம். மறுநாள் கால் நுழைக்கும் முன் கவிழ்த்து இரண்டு தட்டு தட்டிப் பார்க்க வேண்டும், தேள் இருக்கலாம்.