பிள்ளை கையில் கரிசல்

நம்பிக்கை: கரிசல் மண் பொம்மைக்கு ஆகாது, காய்ந்ததும் வெடித்துவிடும்.

உண்மை: வெடிப்பது மெய்தான். கோடையில் கோவில்பட்டிப் புஞ்சைகளில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விழுவதும் இதே காரணத்தால்தான். இந்த மண்ணிலுள்ள மான்ட்மோரிலோனைட் வகைக் களித்துகள் தண்ணீரைக் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையமே 1901 முதல் இந்த மண்ணோடு மல்லுக்கட்டுகிறது. நம் பிள்ளை அரை மணி நேரம் மல்லுக்கட்டினால் குடி முழுகாது. கட்டியை நுணுக்கிச் சலித்து, மூன்று பங்குக்கு ஒரு பங்கு மணல் சேர்த்து, ராத்திரி ஊறப் போட்டுப் பிசையுங்கள். மணல் சுருக்கத்தைக் குறைக்கும். செய்ததை வெயிலில் வைக்காமல் நிழலில், ஈரத்துணி போர்த்தி மெல்ல உலர்த்துங்கள். அப்படியும் வெடித்தால் திரும்ப ஊற வைக்கலாம். சுட்ட பொம்மைக்கு அந்தச் சலுகை கிடையாது. மருந்தடித்த பருத்திக் காட்டு மண் மட்டும் வேண்டாம்.

நம்பிக்கை: மண்ணை அளைந்தால் வயிற்றில் பூச்சி வரும்.

உண்மை: மண் பூச்சியை உண்டாக்குவதில்லை. மனித மலம் கலந்த மண்ணில்தான் உருண்டைப்புழுவின் முட்டை இருக்கும். அது கை வழியே வாய்க்குப் போகிறது. கொக்கிப்புழுவின் குஞ்சு வெறுங்காலைத் துளைத்து ஏறும். வெளிக்கிருக்கும் இடத்து மண்ணைத் தவிருங்கள். காலுக்குச் செருப்பும், விளையாடி முடித்ததும் கைக்குச் சோப்பும் போதும். ராத்திரியில் அரிக்கும் கீரிப்பூச்சிக்கோ மண்மேல் பழி போடவே முடியாது. அது நகம், துணி, படுக்கை வழியாக ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுவது.

நம்பிக்கை: கடையில் விற்கும் வண்ணக் களிமண்தான் சுத்தம்.

உண்மை: கடைச் சரக்கு என்பதாலேயே சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. உலகப் புகழ் பெற்ற பிளே-டோ என்னும் விளையாட்டுப் பிசைமாவே, 1950களில் பொம்மைக் கடைக்கு வருமுன் அமெரிக்க வீடுகளில் சுவர்த்தாளில் படிந்த கரியைத் துடைக்கும் பசையாக இருந்தது.

நம்பிக்கை: மூன்று வயதாகியும் ஒரு பிள்ளையார் பிடிக்கத் தெரியவில்லை.

உண்மை: தெரிய வேண்டியதில்லை. இரண்டு வயதில் குத்துவதும் பிய்ப்பதும்தான் விளையாட்டு. பிறகு உருட்டும், திரிக்கும். செய்து முடித்த பின்புதான் ‘பாம்பு’, ‘முறுக்கு’ என்று பெயர் வைக்கும். இன்னதைச் செய்வோம் என்று நினைத்துச் செய்வது பெரும்பாலும் நான்கு வயதை ஒட்டி. அதற்குள் பெரியவர்கள் அழகாக ஒன்று செய்து காட்டினால், பிள்ளை ‘நீயே செஞ்சு குடு’ என்று கையை எடுத்துக்கொள்ளும். பென்சில் பிடிக்கும் விரலுக்கு வலு சேர்வது அந்தப் பிசைதலில்தான்.

நம்பிக்கை: மண் தின்றால் சுண்ணாம்புச்சத்துக் குறைவு.

உண்மை: பெரும்பாலும் காணப்படுவது இரும்புச்சத்துக் குறைவு. இரண்டு வயது தாண்டியும் பிள்ளை மண்ணைத் தேடித் தேடித் தின்றால், திட்டாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.